நூறு மீட்டர்

புன்தா லுனாய், கிமராஸ் தீவு
ஆகஸ்ட் 12, 2024

அண்ணி,

இன்னும் அப்படித்தான் கூப்பிடுறேன். கூப்பிடக் கூடாதுன்னு கோர்ட்டுக் காகிதத்துல ஒண்ணும் போடல.

காகிதம் வெள்ளிக்கிழமை வந்துச்சு. ஒரு நகல் எலிசியோ அண்ணனுக்கு, ஒரு நகல் ஊராட்சி ஆபீசுக்கு. ஆபீஸ் நகலை வாங்கினது யாரு, நான்தான். என் கூடப்பிறந்த அண்ணன் தன் பொண்டாட்டி பிள்ளைகிட்ட நூறு மீட்டர் நெருங்கக் கூடாதுங்கற உத்தரவுக்கு, ‘பெற்றுக்கொண்டேன், ஜோவிதா, ஊராட்சி எழுத்தர்’னு நானே கையெழுத்துப் போட்டேன். எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அடியில உங்க வக்கீல் விலாசம் இருந்துச்சு. அதுக்குத்தான் இதை அனுப்புறேன். உங்க போன் நம்பர் செத்துக் கிடக்கு.

மூணு வாரமா நீங்களும் லியானும் எங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியாது. அண்ணன் படகை விடாம துறையிலேயே உட்கார்ந்திருந்தான். எந்தப் படகுல போனாங்கன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டான். இருபத்தாறு படகுக்காரனும் இல்லன்னுட்டான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி ரெண்டு நாள் படுக்கை. அண்ணன் அம்மா மடியில தலையை வச்சு அழுதான். நாற்பது வயசு ஆம்பளை.

குடும்பம்னா சண்டை இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பதிமூணு வருஷம் ஒரே கொல்லையில துணி காயப்போட்டோம். காகிதத்துல ‘மணிக்கட்டு முறிவு’ன்னு எழுதியிருக்கீங்க. ஊர்த் திருவிழா அன்னிக்குக் கிணத்தடியில வழுக்கி விழுந்ததுன்னு ஊருக்கே தெரியும்.

விவாகரத்துச் சட்டம் வரப்போகுதுன்னு ரேடியோவுல கேட்டு இந்தத் தைரியம் வந்துச்சோ என்னமோ. கீழ்ச்சபையில தேறினாலும் செனட்டுல தேறாதாம், ஃபாதர் சொன்னார். வேண்டாம்னு நான் வீடு வீடாப் போய் இருநூத்திப் பதினாலு கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கேன். அதையும் தெரிஞ்சுக்கோங்க.

லியானுக்கு முத்தம்.

ஜோவிதா


இலோய்லோ
ஆகஸ்ட் 25, 2024

ஜோவிதா,

உன் கடிதம் வந்தது. நான் இருக்கும் பெண்கள் அடைக்கல இல்லத்தில் போன் கிடையாது. விலாசத்தை வெளியே எழுதவும் கூடாது. சிஸ்டர் பிலார் கடிதங்களை வக்கீலிடம் கொடுப்பார், வக்கீல் தபாலில் போடுவார். வீட்டு முகவரிக்கு எழுதினால் யார் கையில் சிக்குமோ என்று, இதைச் சுகாதார நிலையத்து நர்ஸ் மாரிவிக்கின் பெயருக்கு அனுப்புகிறேன். நீயும் யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொள்.

லியான் நன்றாக இருக்கிறாள். நீ கேட்கவில்லை, முத்தம் மட்டும் கொடுத்திருந்தாய். இரவு எழுந்து உட்காருவது நின்றுவிட்டது.

மே பதினாறாம் தேதி காலையில் உன் ஆபீசுக்கு வந்தேன். திருவிழாவுக்கு மறுநாள். வாசலில் தோரணம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வீங்கி, மோதிரம் கழற்ற முடியாமல் இருந்தது. உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “ஜோவிதா, புகார்ப் புத்தகத்தை எடு, எழுது” என்றேன். நீ எடுத்தாய். பக்கத்தைத் திறந்தாய். பிறகு மூடிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய். ஊராட்சித் தலைவர் பெர்த்தோவைக் கூப்பிட்டாய். தலைவர் எலிசியோவைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். தலைவர், “புருஷன் பொண்டாட்டி சண்டையை எழுதினா புத்தகம் பத்தாதும்மா” என்றார். என்னை அவனோடு வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

அன்று தலைவர் அங்கேயே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பதினைந்து நாளைக்கு எலிசியோ என் பக்கம் வந்திருக்க முடியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சமாதானம் பேச வைப்பதற்கு அவருக்கு அதிகாரமே இல்லை. இதெல்லாம் இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். அதற்கான பயிற்சிக்கு நீ போய்வந்த சான்றிதழ் உன் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது.

வீட்டுக்குப் போன பிறகு நடந்ததைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுத மாட்டேன்.

கிணற்றடி என்று சொன்னது உன் அம்மா. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

விவாகரத்து நான் கேட்கவில்லை. நம் நாட்டில் அது இல்லை. இல்லாததை யாரிடம் கேட்பது? நான் கேட்டது நூறு மீட்டர்.

நெரிசா


புன்தா லுனாய்
செப்டம்பர் 15, 2024

அண்ணி,

உங்க கடிதத்தை மாரிவிக் தடுப்பூசி அட்டைக்குள்ள வச்சுக் கொடுத்தா. படிச்சுட்டு மூணு தடவை பதில் எழுதிக் கிழிச்சேன். முதல் தடவை திட்டி எழுதினேன். ரெண்டாவது தடவையும் திட்டித்தான் எழுதினேன்.

நான் எழுதியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. வேலை கொடுத்தது அவரு. வேற யாராவது வந்து சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். வந்தது நீங்க. சொன்னது என் அண்ணனைப் பத்தி. என் கை எழுதல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியுது.

அண்ணன் கெட்டவன் இல்ல அண்ணி. குடிச்சாத்தான் அப்படி.

இப்போ எங்க வீட்டுலதான் தூங்குறான். போன திங்கக்கிழமை அம்மா சூப்புல உப்பு கூடிப்போச்சு. தட்டு சுவத்துல போய் விழுந்துச்சு. அம்மா உடனே, “காத்து பலமா அடிக்குது, ஜன்னலைச் சாத்து”ன்னா. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன், ஜன்னல் முன்னாடியே சாத்தித்தான் இருந்துச்சு. திறந்து சாத்தியிருக்கேன்.

இதை எதுக்கு எழுதுறேன்னு தெரியல.

லியான் ஸ்கூல்ல சேர்ந்தாச்சா? அவ செருப்பு ஒரு ஜோடி இங்க இருக்கு. அதுக்குள்ள அளவு மாறியிருக்கும்.

ஜோவிதா


இலோய்லோ
அக்டோபர் 9, 2024

ஜோவிதா,

அவன் குடித்திருக்கவில்லை. திருவிழா அன்றும் சரி, மற்ற நாட்களிலும் சரி. குடித்த நாட்களில் சீக்கிரம் தூங்கிவிடுவான். நான் அந்த நாட்களுக்காகக் காத்திருப்பேன்.

எந்தப் படகில் போனேன் என்று கேட்டிருந்தாயே, படகில் போகவில்லை. இருபத்தாறு பேரும் அவன் நண்பர்கள், யார் படகில் ஏறினாலும் நான் கரை சேருமுன் அவனுக்குச் செய்தி சேர்ந்துவிடும். தீவின் மறுபக்கத் துறையில் லாரிகளை ஏற்றும் கப்பல் போகிறதே, அதில் மாம்பழ லாரியில் போனோம். முன் இருக்கையில் ஓட்டுநரின் மனைவி, அவள் காலடியில் நாங்கள் இருவரும், மேலே பழைய செய்தித்தாள் கட்டு. மரத்திலேயே மாங்காய்களுக்கு உறை போடும் காகிதம். லியான் இருட்டில் தலைப்புச் செய்திகளை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கத் தெரிந்திருந்தது. அதை நினைத்துத்தான் கப்பலில் அழுதேன்.

இங்கே பன்னிரண்டு பெண்கள். எனக்குச் சமையல் பொறுப்பு. தெரெசித்தா அக்காவுக்கு அறுபத்தொரு வயது, முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்திவிட்டு வந்திருக்கிறார். “நீ எல்லாம் சீக்கிரமா வந்துட்டே” என்று என்னைக் கேலி செய்வார். கல்யாணம் முதலிலிருந்தே செல்லாது என்று நிரூபிக்கும் வழக்கு ஒன்றைப் போடலாமா என்று அவர் கேட்டதற்கு, வக்கீல் கிளாவேரியா, “மனநிலை சரியில்லாதவர்னு நிரூபிக்கணும், வருஷக்கணக்காகும்” என்றார். தெரெசித்தா அக்கா யோசித்துவிட்டு, “அவருக்கு மனநிலை நல்லாத்தான் இருக்கு. வெளியாளுங்களை அடிக்க மாட்டாரே. என்னை மட்டும்தானே அடிச்சார்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை.

எங்களில் ஒருத்தி கூட வேறு கல்யாணம் செய்துகொள்ள அலையவில்லை, ஜோவிதா. நீ கையெழுத்து வாங்கப் போன வீடுகளில் அப்படித்தானே சொல்லியிருப்பாய். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘நெருங்கிய உறவினர்’ என்ற இடத்தில் அவன் பெயரை எழுதாமல் இருக்க ஆசைப்படுகிறோம்.

இப்போது இருப்பது தற்காலிக உத்தரவு. நிரந்தர உத்தரவுக்கு விசாரணை நடக்கும். பார்த்தவர் யாராவது உண்டா என்று வக்கீல் கேட்டார். உண்டு என்றேன்.

திருவிழா அன்று, உன் அம்மா வீட்டுச் சமையலறை. நான் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் என் கையைப் பின்னால் முறுக்கினான். நீ தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்த்தாய். பிறகு குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தாய்.

நெரிசா


புன்தா லுனாய்
நவம்பர் 3, 2024

அண்ணி,

ஆமா. திறந்தேன்.

நேத்து கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையைக் கழுவப் போனோம். அம்மா தேங்காய் நாரை வச்சு அப்பா பேரைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. பளிச்சுன்னு ஆன பிறகும் தேய்ச்சாங்க. நான் சும்மா கேட்டேன், “அம்மா, அந்தக் காலத்துல நம்ம வீட்டு ரேடியோ எவ்வளவு சத்தமாப் பாடும், இல்ல?”

அம்மா தேய்க்கிறதை நிறுத்தல. “பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதுல்ல”ன்னாங்க.

எங்க வீட்டுல அது என் வேலை அண்ணி. அப்பா குரல் ஏறினா ரேடியோவைக் கூட்டுறது. எனக்கு ஏழு வயசு, எட்டு வயசு இருக்கும். அண்ணனுக்குப் பதினாலு. அவன் கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பாட்டு முடிஞ்சு செய்தி வந்துட்டா நான் பதறி வேற ஸ்டேஷன் தேடுவேன். திருவிழா அன்னிக்குத் தொட்டிகிட்ட ரேடியோ இல்ல. குழாய்தான் இருந்துச்சு.

இதைச் சொல்லி நான் தப்பிச்சுக்கப் பார்க்கல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

ஆனா சாட்சிக்கு என்னைக் கூப்பிடாதீங்க. என்னால முடியாது. அம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் முடியாது.

ஜோவிதா


இலோய்லோ
நவம்பர் 20, 2024

ஜோவிதா,

உன்னைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் வழியும் கோர்ட்டில் உண்டு என்று வக்கீல் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கே சொல்ல இத்தனை வருடம் பிடித்தது.

விசாரணை ஜனவரி இருபத்தொன்று, காலை ஒன்பது மணி, குடும்ப நீதிமன்றம், இரண்டாம் மாடி. தேதி தெரியட்டும் என்று எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

லியான் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். பாட்டுக் குழுவில் எடுத்திருக்கிறார்கள். இல்லத்தில் நாள் முழுக்கப் பாடுகிறாள், சிஸ்டர் பிலார் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடமாடுகிறார். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

செருப்பு வேண்டாம். யாருக்காவது கொடுத்துவிடு.

நெரிசா


புன்தா லுனாய்
ஜனவரி 22, 2025

அண்ணி,

நேத்து கோர்ட்டுல எனக்கு ரெண்டு வரிசை முன்னால உட்கார்ந்திருந்தீங்க. தலைமுடியை வெட்டிட்டீங்க, நல்லா இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் பேச வேண்டாம்னு உங்க வக்கீல் சொல்லிட்டாங்க. அதனால காலையில நடந்ததை எழுதுறேன். உங்களுக்குத் தெரியணும்.

நான் வருவேன்னு எனக்கே தெரியாது. அம்மாகிட்டப் பல் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு சொன்னேன். துறைக்குப் போனதும் டிக்கெட் கொடுக்கிறவ என் முகத்தைப் பார்த்துட்டு, “அடுத்த படகுல போயேன், இப்பவே வந்துடும்”னா. எதுக்குன்னு பார்த்தா வரிசைப்படி முதல் நடை அண்ணன் படகு. அவனும் கோர்ட்டுக்குத்தான் கிளம்பியிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆளை ஏத்திக்கிட்டுப் போய் அந்தக் கரையில படகைக் கட்டிட்டு அப்படியே போறதா ஏற்பாடு.

அடுத்த படகு நிறைய எவ்வளவு நேரமாகும்னு யாருக்குத் தெரியும்? ஏறினேன். பலகை ஈரமா இருந்துச்சு. அவன்தான் கை கொடுத்தான். “பார்த்து வா”ன்னான். எனக்கு நீச்சல் கத்துக்கொடுத்த கை அண்ணி அது. அந்தக் கையைப் பிடிச்சுத்தான் ஏறினேன்.

மீன் கூடைக்காரிங்க நாலு பேர், காலேஜ் பசங்க, நம்ம மாரிவிக், எல்லாரும் இருந்தாங்க. நடுக்கடல்ல அவன் என்னைப் பின்னால மோட்டார்கிட்டக் கூப்பிட்டான். மோட்டார் இரைச்சல்ல கத்தினாத்தான் கேட்கும். ரெண்டு பேரும் கத்தித்தான் பேசினோம்.

“எங்க போறே?”

“நீ போற இடத்துக்குத்தான்.”

“எனக்காகப் பேசத்தானே வர்றே?”

நான் கடலைப் பார்த்தேன். அவன் முகம் மாறுச்சு. கோவம் வரல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. கெஞ்சுற மாதிரி ஆயிடுச்சு. “ஜோவி, நீ என் தங்கச்சி. அம்மா தாங்க மாட்டா. நெரிசா இல்லாததையெல்லாம் எழுதியிருக்கா. நான் கையைப் பிடிச்சேன், அவ்வளவுதான். நீயே சொல்லு, பிடிச்சேன், அவ்வளவுதானே?”

“அப்பாவும் பிடிச்சாரு”ன்னேன்.

“அப்பாவை இதுல இழுக்காதே.”

“நீ வெளியே உட்கார்ந்து காதைப் பொத்திக்கிட்டியே. எதுக்குப் பொத்தினே?”

கரை வந்துடுச்சு. அவன் மோட்டாரை நிறுத்தக் குனிஞ்சான். நான் அதைக் கவனிக்கல. அதே கத்தல்ல, “அண்ணியோட கையை நீ முறுக்கினதை நான் பார்த்தேன், எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு”ன்னேன். பாதியில மோட்டார் நின்னுடுச்சு. மீதிப் பாதி அந்தத் துறை முழுக்கக் கேட்டுச்சு.

ஒருத்தரும் எழுந்திரிக்கல. காலேஜ் பசங்க போனைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அண்ணன் கயித்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான், கட்ட மறந்துட்டான், படகு மெதுவா விலகுது. ஒரு மீன்காரி, எனக்கு யாருன்னே தெரியாது, கூடையைத் தலையில ஏத்திக்கிட்டு, “இவ்வளவு தூரம் வந்தாச்சு, இறங்கும்மா. உன்னால எல்லாருக்கும் நேரமாகுது”ன்னா. மாரிவிக் என் பையை எடுத்துக்கிட்டு முன்னால நடந்தா. அவளுக்கு ஊசி மருந்து வாங்குற வேலை இருந்துச்சு. அதை விட்டுட்டுக் கோர்ட்டு மாடி வரைக்கும் கூட வந்தா.

மீதிக்கு நீங்களே சாட்சி.

திரும்பி வரும்போது ரெண்டு படகுக்காரங்க, நிறைஞ்சு போச்சுன்னு சொல்லி என்னை ஏத்தல. மூணாவது ஆள் ஏத்தினான். பேசல. டிக்கெட்டை மட்டும் கிழிச்சான்.

அம்மாகிட்ட நானே சொன்னேன். யார் வாயிலயாவது கேட்கிறதுக்கு முன்னாடி. அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. இதை எழுதும்போதும் கதவு சாத்தித்தான் இருக்கு.

ஜோவிதா


இலோய்லோ
பிப்ரவரி 26, 2025

ஜோவிதா,

நேற்று தீர்ப்பு வந்தது. நிரந்தர உத்தரவு. எலிசியோ என் வீட்டருகே, லியானின் பள்ளியருகே, நான் வேலை செய்யும் இடத்தருகே வரக் கூடாது. எங்களோடு பேச முயலக் கூடாது. லியான் என்னிடம் இருப்பாள். நான் கேட்டால் ஒழிய இந்த உத்தரவு நீங்காது. வக்கீல் கிளாவேரியா படித்துக் காட்டியபோது, அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். மூன்று முறை படித்தார். அலுத்துக்கொள்ளவில்லை.

அன்று நீ கூண்டில் நின்று சொன்னதை உன் முகம் பார்த்து நான் கேட்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய வக்கீல் உன்னிடம், “இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர், மறுநாள் புகார்ப் புத்தகத்தில் ஏன் எழுதவில்லை? நடக்கவே இல்லை என்பதால்தானே?” என்று கேட்டார். உன்னை மடக்கிவிட்டதாக நினைத்தார். நீ, “அவன் என் அண்ணன். வேற காரணம் இல்ல. எழுதாதது என் தப்பு. தண்டனை உண்டுன்னா கொடுங்க” என்றாய். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்தார். அந்த வக்கீல் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

நீ அந்தப் பதிலைச் சொல்லும்வரை நான் உன்னை மன்னிக்கவில்லை. அதற்காகத்தான் வருகிறாயோ என்று நினைத்தேன், மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக. நீ கேட்கவே இல்லை. அதனால் சொல்கிறேன், மனதில் ஒன்றும் மிச்சமில்லை.

நாங்கள் அடுத்த வாரம் இல்லத்தை விட்டு வெளியே போகிறோம். சந்தைக்குப் பக்கத்தில் மாடியறை. கீழே நூடுல்ஸ் சூப் கடையில் எனக்கு வேலை. அதிகாலையிலேயே எலும்பு கொதிக்கும் வாசனை மாடி வரைக்கும் வருமாம். லியான் இப்போதே மூக்கைப் பொத்துகிறாள்.

வேலைப் படிவத்தில் ‘திருமணமானவர்’ என்று எழுத வேண்டியிருந்தது. வேறு கட்டம் இல்லை. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நெரிசா


புன்தா லுனாய்
ஜூன் 29, 2025

அண்ணி,

நாலு மாசமா எழுதல. எழுத ஒண்ணும் இல்லாம இல்ல, நிறைய இருந்துச்சு.

தலைவருக்கு மேலிடத்துலேருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துச்சு. எனக்கும் வந்துச்சு. நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். ஒரு மாசம் வேலையை விட்டு நிறுத்தி வச்சாங்க. திரும்பப் போனப்போ என் நாற்காலி மூலையில கிடந்துச்சு, இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டேன். தலைவர் என்கிட்டப் பேசறதில்ல. குமாஸ்தாகிட்டச் சொல்லுவார், அவன் திரும்பி என்கிட்டச் சொல்லுவான். மூணு பேரும் ஒரே அறையிலதான் இருக்கோம்.

அண்ணன் படகை வேற துறைக்கு மாத்திக்கிட்டான். கோர்ட்டு சொன்னபடி மாசம் ரெண்டு தடவை ஒரு ஆலோசகரைப் பார்க்கப் போறான். என்ன பேசுறான், தெரியாது. போன ஞாயிறு வீட்டு வாசலுக்கு வந்து மீன் கொடுத்துட்டுப் போனான். என் முகத்தைப் பார்க்கல. ஆனா மீனை என் கையிலதான் கொடுத்தான். இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். நீங்க அவனை மன்னிக்கணும்னு கேட்கல. நான் இன்னும் அவன் தங்கச்சி, அவ்வளவுதான்.

விவாகரத்து மசோதா செனட்டுல கிடந்து கிடந்து காலாவதியாயிடுச்சு, கேட்டிருப்பீங்க. கோயில்ல ஜெப நேரத்துல அதுக்கு நன்றி சொன்னாங்க. எல்லாரும் ‘ஆமென்’ சொன்னாங்க. எனக்கு வாய் வரல. பூசை முடிஞ்சதும் ஃபாதர்கிட்டப் போனேன். “நான் கொடுத்த இருநூத்திப் பதினாலுல ஒரு கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா ஃபாதர்?”னு கேட்டேன்.

“யாரோடது?”ன்னார்.

“என்னோடது.”

திட்டுவார்னு நினைச்சேன். “அதெல்லாம் அனுப்பியாச்சேம்மா”ன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “என் அக்காவும் இப்படித்தான் புருஷன் வீட்டைவிட்டு வந்தா. எங்கம்மா திரும்பக் கொண்டுபோய் விட்டாங்க”ன்னார். அந்த அக்கா இப்போ இருக்காங்களான்னு கேட்க எனக்குத் தைரியம் வரல.

அம்மா இப்போ என்கிட்டப் பேசுறாங்க. ‘சோறு ஆச்சு’, ‘மழை வருது’. அவ்வளவுதான்.

ஜோவிதா


இலோய்லோ
ஆகஸ்ட் 30, 2025

ஜோவிதா,

மசோதா செத்துப்போனதற்காகத் தெரெசித்தா அக்கா ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் எழுந்து தலைவாரிக்கொண்டு, “சரி, மறுபடியும் போடச் சொல்லு” என்றார். மறுபடியும் போட்டிருக்கிறார்கள், புதுச் சபையில், புது எண்ணோடு. அவருக்கு அறுபத்திரண்டு ஆகிறது. எழுபது வயதானாலும் சுதந்திரமான பெண்ணாகச் சாகணும் என்கிறார். அதுவரை சாகப் போவதில்லையாம், அதையும் சொல்லிவிட்டார்.

இல்லத்தில் இருந்தவர்களும் வேறு ஊர்ப் பெண்களும் சேர்ந்து மணிலாவுக்குப் போகிறோம். மசோதாவைப் பற்றிய கலந்துரையாடல் ஒன்றில் எங்களையும் பேச அழைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் எழுதி வைத்ததை லியான் கடிகாரம் பார்த்துக் கேட்டாள். பதினேழு நிமிடம் ஆனது. “அம்மா, நீ பேசவே மாட்டியே, உனக்குள்ள இவ்வளவு எங்க இருந்துச்சு?” என்றாள். வெட்டி வெட்டி ஆறு நிமிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அடி வாங்கிய கதையை எல்லாம் எடுத்துவிட்டேன். அது கோர்ட்டில் சொல்லியாயிற்று. இங்கே அந்தப் படிவத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன், ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும் என்று.

இந்த ஊரிலிருந்து பன்னிரண்டு பேருக்கு இடம். பதினொரு பேர் சேர்ந்துவிட்டோம், எல்லோரும் அடி வாங்கியவர்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருத்தர் பேசினால் நன்றாக இருக்கும் என்று வக்கீல் கிளாவேரியா சொன்னார். அப்படி வருபவர் கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

பன்னிரண்டாவது வரியில் உன் பெயரை எழுதிவிட்டேன். விருப்பமில்லை என்றால் நீயே வந்து அடித்துவிடு. நான் அடிக்க மாட்டேன்.

கப்பல் செப்டம்பர் பதினெட்டு, வியாழன், மாலை ஐந்து மணி.

நெரிசா


புன்தா லுனாய்
செப்டம்பர் 9, 2025

அண்ணி,

அடிக்க வரல. லீவு எழுதிக் கொடுத்துட்டேன். காரணம்னு போட்டிருந்த இடத்துல ‘சொந்த வேலை’ன்னு முதல்ல எழுதினேன். அப்புறம் அதைக் கிழிச்சுட்டு, எங்க போறேன், எதுக்குப் போறேன்னு முழுசா எழுதினேன். தலைவர் படிச்சார். குமாஸ்தாவைக் கூப்பிடாம நேரா என்கிட்டயே, “எத்தனை நாள்?”னு கேட்டார். எட்டு மாசத்துக்கப்புறம் முதல் வார்த்தை.

வீட்டுல பெட்டி கட்டிக்கிட்டிருந்தேன். அம்மா கதவுகிட்ட வந்து நின்னாங்க. எங்கேன்னு கேட்டாங்க. மணிலாவுக்கும்மா, நெரிசா அண்ணிகூடன்னு சொன்னேன். எதுக்குன்னும் சொன்னேன். விவாகரத்துங்கற வார்த்தையையும் விடாம சொன்னேன். அம்மா உள்ளே போயிட்டாங்க. சரி, இன்னும் நாலு மாசம் பேச மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல அலமாரி திறக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்தாங்க. கையில கம்பளிச் சால்வை.

“அங்கெல்லாம் ஏசி போட்டு உட்கார வைப்பாங்க”ன்னாங்க. “குளிரும். எடுத்துக்கோ.”

வாங்கிப் பெட்டியில வைக்கப்போனா கனமா இருந்துச்சு. விரிச்சுப் பார்த்தேன். ரெண்டு.

ஜோவிதா